எதிர்ப்பக்கம் பார்க்கும் திரை

இது என் கண் முன்னால் நடந்ததல்ல. முத்துப்பேச்சியோடு கல்லூரி விடுதியில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்த மாரிச்செல்வி எனக்குச் சொன்னாள். அவளுக்கு முத்துப்பேச்சியே சொன்னது. இரண்டு வாய் மாறி வந்ததில் எது கூடியது எது குறைந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல என்னால் முடியாது. ஒரு மணி நேர பஸ் பயணத்தில் ஒருத்தி என்னென்ன நினைத்தாள் என்பதுதான் கதை, நினைப்புக்குச் சாட்சியும் கிடையாது. ஆனாலும் மாரிச்செல்வி பொய் சொல்லுகிறவள் அல்ல. முத்துப்பேச்சியும், அந்த ஒரு தடவை தவிர, சொன்னவள் அல்ல.

ஆலங்குளத்தில் ஏறியபோது மணி ஒன்பதே முக்கால், சனிக்கிழமைக் கூட்டம். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காருகிற நீளவாக்கு இருக்கையில்தான் இடம் கிடைத்தது. எதிரே அதேபோல இன்னொரு நீள இருக்கை, அதில் பெரிய எக்ஸ்ரே கவரை மடியில் நிமிர்த்திப் பிடித்தபடி ஒரு அம்மா. முத்துப்பேச்சி பையிலிருந்து போனை எடுத்தாள், ஒரு காதில் மட்டும் இயர்போனைச் செருகினாள், போனைப் படுக்கைவாட்டில் பிடித்து, திரை தன்னைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் பார்க்கும்படி திருப்பினாள். கட்டைவிரல்களும் சுண்டுவிரல்களும் விளிம்பைத் தாங்க, மிச்சம் ஆறு விரலும் கண்ணாடி மேல். இடது கை ஆள்காட்டி ஒன்று, நடுவிரல் இரண்டு, மோதிரவிரல் மூன்று. வலது கையில் அதே வரிசையில் நாலு, ஐந்து, ஆறு. பிரெய்லின் ஆறு புள்ளி. எந்தப் புள்ளிகள் சேர்ந்தால் எந்த எழுத்தோ அந்த விரல்களை மட்டும் ஒரே சமயத்தில் தொட்டு எடுக்க வேண்டும், காதில் ஒரு பெண் குரல் எழுத்தைச் சொல்லும். கண் தெரியாதவர்கள் எழுதுவதற்கான விசைப்பலகை. ஒன்று மட்டும் தொட்டால் அ. அ, என்றது குரல். ஒன்றும் மூன்றும். க. ஒன்று, மூன்று, நாலு. ம. பத்தொன்பது நாளாக இந்த ம-வில்தான் அவளுக்குத் தடுக்கிறது, மோதிரவிரல் சொன்ன பேச்சு கேட்பதில்லை, நடுவிரலையும் துணைக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடும். கண் தெரிகிறவளுக்கு எதற்கு இது என்று மாரிச்செல்வி கேட்டிருந்தாள். சும்மா ஒரு ஆசை என்று சொல்லி வைத்தாள். சும்மா என்ற சொல்லைக் கண்டுபிடித்தவன் நன்றாக இருக்கட்டும், எவ்வளவு பெரிய மூட்டையையும் அதற்குள் போட்டுக் கட்டிவிடலாம். எதிரே பார்த்தால் திரை இல்லை, போனின் முதுகுதான் இருந்தது, அதில் மூன்று கேமரா, மூன்றும் அவளையே பார்த்தன. அவள் அவற்றைப் பார்க்காமல் விளிம்பில் தெரிந்த தன் விரல்களைப் பார்த்தாள், பிறகு விரல்களையும் பார்க்காமல் இருக்கப் பழக வேண்டும் என்று நினைத்து டிரைவரின் தலைக்கு மேல் ஆடிக்கொண்டிருந்த எலுமிச்சம்பழ மாலையைப் பார்த்தாள். கூடப் படித்த ஜெபசிங்குக்குக் கண் தெரியாது, அவன் எதையும் பார்ப்பதில்லை. அவனுக்கு ஒரே வாரத்தில் வந்துவிட்டது. பெபியோலா சொல்லிக்கொடுத்தாள் அல்லவா, வராமல் எப்படி இருக்கும்.

அந்தப் பெயரை நினைத்ததும் மூன்றாம் விரல் வழுக்கியது. பெபியோலா. நாகர்கோவில்காரி, அவளுக்கும் பார்வை கிடையாது, ஜங்ஷன் பக்கம் இருக்கிற பயிற்சி மையத்துக்கு ஒரு மாதத்துக்கு மட்டும் வந்து இந்த விசைப்பலகையைச் சொல்லிக்கொடுக்கிறவள். முதல் வகுப்பு நடந்த அன்று முத்துப்பேச்சியும் இருந்தாள். சனிக்கிழமைதோறும் ஜெபசிங்குக்கு வங்கித் தேர்வுப் புத்தகம் வாசித்துக் காட்டப் போகிறவள், அன்று வாசிக்க ஒன்றும் இல்லாமல் கையில் மூடின புத்தகத்தோடு சுவர் ஓரம் நின்றாள். பெபியோலா அவன் பின்னால் போய் நின்று இரண்டு பக்கமும் கையை நீட்டி, அவனுடைய ஆறு விரல் மேல் தன்னுடைய ஆறு விரலை வைத்தாள். ஒரு போனில் பன்னிரண்டு விரல். "அமுக்காண்டாம், தொட்டா மதி," என்றாள், மதி என்றால் அவள் ஊரில் போதும். அவன் தொட்டான். போன் அ என்றது. அவன் சிரித்த சிரிப்பை, நாலு வருடத்தில் எத்தனையோ சிரிப்பைப் பார்த்தவள், அன்றுதான் முதல்முறை பார்த்தாள். அப்புறம் அந்தப் பெண், கெட்டவளாக இருந்தாலாவது ஒரு நியாயம் இருக்கும், முத்துப்பேச்சி நின்ற பக்கம் சரியாகத் திரும்பி, "எக்கா, நீங்களும் கையத் தாங்க, படிச்சா நல்லதுதான," என்று கூப்பிட்டாள். குளிர்ந்த விரல்கள். இந்த விரல்களா இப்போதுதான் அங்கே இருந்தன என்று நினைத்து முத்துப்பேச்சி கையை இழுத்துக்கொண்டாள். வேர்வை, என்று சொன்னாள். அதுவும் ஒரு பொய்தானோ. கணக்கில் சேர்க்க வேண்டாம், அன்று நிஜமாகவே கொஞ்சம் வேர்த்திருந்தது.

நாலு வருடமாக அவன் எழுத்தெல்லாம் இவள் கை வழியாகத்தான் போனது. பேசினால் எழுத்தாக்கித் தரும் வசதி போனில் இருந்தது, ஆனால் அறையில் நாலு பேர் கேட்கக் கேட்கச் சொந்த விஷயத்தைப் பேச அவனுக்குக் கூச்சம், அதனால் மாடிக்குப் போய் இவளைக் கூப்பிட்டு மெதுவாகச் சொல்வான், இவள் அடித்து அனுப்புவாள். அவன் அண்ணனுக்கு, கல்லூரி அலுவலகத்துக்கு, அறைக்காரருக்கு, சாப்பாட்டுக்கடைக்கு. ரெண்டு புரோட்டா, சால்னா தனியா. அவன் அம்மாவுக்கு எழுதும்போது கடைசியில் கர்த்தர் துணை என்று போடச் சொல்வான், ஒரு தடவை அவன் மறந்து இவளே போட்டாள், அவன் அம்மா பதிலுக்கு இவளுக்கும் சேர்த்து ஜெபித்ததாகச் சொன்னார்கள். அவன் யாரோடு சண்டை போட்டான், எந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு வேண்டாம் அழித்துவிடு என்றான், எல்லாம் இவளுக்குத் தெரியும், அழித்தவைகூட இவளிடம்தான் இருந்தன. வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் படித்தவள், பீடி சுற்றுகிற அம்மாவும் அக்காளும் ஒரு காகிதத்தைக் கொடுத்து இதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டால் உள்ளதை உள்ளபடி வாசித்துச் சொல்லி வளர்ந்தவள், ஒரு சொல் மாற்றிச் சொன்னால் அவர்கள் அதை நம்பிக் கெட்டுப் போவார்களே என்ற பயம் எட்டாம் வகுப்பிலேயே வந்துவிட்டது. அந்தப் பயத்தோடுதான் அவனுக்கும் வாசித்தாள், அந்தப் பயத்தோடுதான் தெருவைச் சொன்னாள், பள்ளத்தைச் சொன்னாள், தியேட்டரில் யார் யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று சொன்னாள். பத்தொன்பது நாள் முன்னால், கடையில் நிற்கும்போது செய்தி வந்தது. பேச்சி, நான்தான். நானே எழுதுறேன். அழுதாள். கடைக்கார அண்ணாச்சி என்ன தாயி என்றதற்குச் சந்தோஷம் என்றாள். சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். சந்தோஷத்துக்கு யாருக்காவது வயிறு எரியுமா? அன்றிலிருந்து அவன் யாருக்கு என்ன எழுதுகிறான் என்று இவளுக்குத் தெரியாது. யாருக்கு என்பது தெரியும். என்ன என்பதுதான் தெரியாது.

சீதபற்பநல்லூர் வந்தது, ஆள் இறங்கியது, ஏறியது. அம்மா இந்த விசைப்பலகையை ஒரே நாளில் படித்துவிடுவாள் என்று தோன்றியது, டிவியில் சீரியலைப் பார்த்துக்கொண்டே இலையில் தூளை வைத்துச் சுருட்டி நூல் கட்டி எறிகிறவள், விரலை ஒரு தடவையும் குனிந்து பார்த்ததில்லை. உனக்குத்தான் கண்ணு விரலுக்கு மேல ஏறி உக்காந்திருக்கு, என்று அம்மா இவளைத் திட்டுவாள், அதனால்தான் உன் பீடி எல்லாம் வயிறு ஊதி நிற்குது. ஒன்று, இரண்டு, மூன்று. ல. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ப. இதையெல்லாம் எதற்குப் படிக்கிறாய்? நீ ஆறு விரலால் எழுதினாலும் ஒரு விரலால் எழுதினாலும் அவன் போனுக்குப் போனதும் அதே குரல்தான் வாசிக்கும், அவனுக்கு வித்தியாசமே தெரியாது. இது அவளுக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தும் பத்தொன்பது நாள். அவன் விரல் எப்படி நிற்கிறதோ அப்படி நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அவர்கள் இரண்டு பேரும் இருக்கிற அறைக்குள் கதவில்லாவிட்டாலும் பரவாயில்லை, ஜன்னல் வழியாகவாவது ஒரு கையை விட்டுப் பார்க்க வேண்டும். விரல்கள் தானாக எழுத ஆரம்பித்திருந்தன. அவள் ஒன்றும் அழகில்லை. குரல் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, ஹாரன் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. நெற்றி மேடு. குரங்கு மூஞ்சி. எழுதும்போது நன்றாக இருந்தது. உடனே அசிங்கமாக இருந்தது, விரலை இழுத்து எல்லாவற்றையும் அழித்தாள். பொய்யும்கூட. பெபியோலா அழகி. அதிலும் ஜெபசிங் பேசும்போது.

அங்கேதான் வந்து வந்து முட்டுகிறது. போன சனிக்கிழமை வகுப்பு முடிந்து டீக்கடையில் நிற்கும்போது அவன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஏ பேச்சி, ஒண்ணு கேட்டா கிண்டல் பண்ண மாட்டியே?" என்றான். "கேளுல." "நான் பேசும்போது பெபி மூஞ்சி எப்படி இருக்கும்?" டீயைக் குடித்துக்கொண்டே கேட்பது மாதிரி கேட்டான், ஆனால் குடிக்கவில்லை. மூஞ்சி எப்படி இருக்கும். அவன் வாயைத் திறந்ததும் அவள் முகம் அந்தக் குரல் பக்கம் திரும்பும், மார்கழிக் காலையில் வெயில் விழுகிற பக்கம் நகர்ந்து உட்காருவார்களே அதைப்போல, அவன் சொல்லி முடிக்கும் முன்பே உதடு விரிந்துவிடும், சத்தமே இல்லாமல் சிரிப்பாள். சத்தமில்லாத சிரிப்பு அவனுக்கு எட்டாது. சிரிக்கிறவளுக்கே தன் முகம் இவ்வளவு சொல்கிறது என்று தெரியுமோ என்னவோ. அந்தச் சிரிப்பு இருக்கிறது என்று தெரிந்தவள் உலகத்தில் சுவர் ஓரம் நின்ற ஒருத்திதான். அவள் சொன்னாள்: "சும்மாதான் இருப்பா. வேற எங்கயோ கவனமா இருக்க மாதிரி." அவன் ம் என்றான். அப்புறம், "அப்போ சரி," என்றான். டீயை ஒரே மூச்சில் குடித்தான், சூடாக இருந்திருக்கும். அப்போ சரி. ஏழு நாளாக அந்த அப்போ சரி தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது, சோற்றை உருட்டி விழுங்கினாலும் இறங்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் அவன் எழுதியிருந்தான்: நாளைக்கு மத்தியான ரயிலுக்கு பெபி ஊருக்குக் கெளம்புதா. நான் ஒண்ணும் பேசப் போறதில்ல. நீ சொன்னதும் நல்லதாப் போச்சு, இல்லன்னா அசிங்கப்பட்டிருப்பேன். நல்லதாப் போச்சு. அதைப் படித்தபோது முதலில் வந்தது நிம்மதி என்பதை அவள் மாரிச்செல்வியிடம் மறைக்கவில்லை. நிம்மதிதான் முதலில் வந்தது, வெட்கம் ரொம்ப நேரம் கழித்து மெதுவாகத்தான் வந்தது. பெபியோலா போய்விடுவாள், சனிக்கிழமைகள் பழையபடி இருக்கும், அவன் பழையபடி மாடிக்குப் போய்க் கூப்பிடுவான். கூப்பிட மாட்டான், அவன்தான் எழுதப் படித்துவிட்டானே. கூப்பிட்டாலும், பள்ளம் இருக்கிறதா என்று அவன் கேட்டு இவள் இல்லை என்று சொல்லும்போதெல்லாம், அந்த இல்லை எப்படிப்பட்ட வாயிலிருந்து வருகிறது என்று இவளுக்குத் தெரியுமே.

அபிஷேகப்பட்டி தாண்டினபோது விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவன் பெயருக்குக் கீழே இருக்கிற பெட்டியிலேயே பழகிக்கொண்டிருந்தாள், அனுப்பாமல் அழித்துவிடலாம் என்று. எழுதுவது கண்ணுக்குத் தெரியாதபோது யாரோ எழுதுவது போல இருந்தது, தெரிந்திருந்தால் பாதியில் நின்றிருப்பாள். ச-வுக்கு ஒன்றும் நாலும், இ-க்கு இரண்டும் நாலும். மோதிரவிரல் ஒரு தடவையும் தடுக்கவில்லை. "ஏ தாயி," என்றது எதிர் இருக்கை. "பொய் சொன்னேன்னு வந்துருக்கே, தெரிஞ்சுதான் எழுதுதியா, இல்ல அதுவா வருதா?" முத்துப்பேச்சிக்குப் புரியவில்லை. எக்ஸ்ரே கவர் அம்மா முகவாயால் போனைக் காட்டினார்கள். "எனக்கு நேராத்தான பிடிச்சிருக்க. எழுத்தையும் சுவரொட்டி கணக்கா பெருசா வச்சிருக்க, கண்ணாடி இல்லாமலே தெரியுது." பெபியோலா ஏற்றிக்கொடுத்த ஆப், மங்கலாகப் பார்வை உள்ளவர்களுக்கும் ஆகட்டும் என்று அடிக்கிற வரியைப் பெரிதாகக் காட்டும். ஜெபசிங் திரையையே இருட்டாக்கி வைத்திருப்பான், எனக்கு எதுக்கு வெளிச்சம் என்பான். இவளுக்கு அது தோன்றவே இல்லை. தனக்குத் தெரியாதது யாருக்கும் தெரியாது என்று இருந்துவிட்டாள், இத்தனைக்கும் இரண்டு கண்ணும் திறந்திருந்தன. "எப்பலேருந்தும்மா பாக்கிய?" "ஆலங்குளத்துலேருந்து. மொதல்ல அ, கன்னு வந்துச்சு, பிள்ளைக்குப் பாடம் போலன்னு நெனச்சேன். பொறவு குரங்கு மூஞ்சின்னு வந்துச்சு." பக்கத்திலிருந்த பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "அத அழிச்சிட்டேன்," என்றாள் முத்துப்பேச்சி. "அழிச்சதையும் பாத்தேன். யாரு அந்தப் பெபி? நாத்தனாரா?" "இல்ல." "மாப்பிள்ளைக்குத் தொடுப்பா?" "அய்யோ, அதெல்லாம் இல்லம்மா. கூடப் படிச்சவன். கண்ணு தெரியாது. அவ சிரிக்கது அவனுக்குத் தெரியாது." அந்த அம்மா கவரை ஒரு தொடையிலிருந்து இன்னொரு தொடைக்கு மாற்றினார்கள். "எங்க வீட்ல உள்ளவுகளுக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்கு. முப்பது வருசத்துல நான் சிரிச்சத அவுக பாத்திருப்பாகன்னா நெனக்க?" பக்கத்துப் பெண் இப்போது வாயை மூடாமலே சிரித்தாள்.

கீழே போட்டுவிடலாமா, எழுந்து பின்னால் போய்விடலாமா என்று இருந்தது, ஆனால் விரல் இன்னும் கண்ணாடி மேலேயே இருந்தது, எடுத்தால் ஏதாவது எழுத்து விழுந்துவிடும் என்ற பயத்தில் எடுக்கவில்லை. "அம்மா, இப்ப என்ன வந்துருக்குன்னு முழுசா வாசிங்களேன்," என்றாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது. போனைத் திருப்பினால் தானே வாசித்துக்கொள்ளலாம். அந்த அம்மா ஐந்தாம் வகுப்புப் படிப்பாக, எழுத்துக்கூட்டி, பஸ் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி வாசித்தார்கள். "ஜெபா. அன்னைக்கு. நான். பொய் சொன்னேன். நீ பேசும்போதெல்லாம். பெபி. சிரிக்கிறாள்." இப்படித்தானா அவன் நாலு வருடம் கேட்டான்? தன் சொல்லை இன்னொருத்தர் வாயில் கேட்பது இப்படியா இருக்கும்? வாசிக்கிற ஆள் ஒரு சொல்லை விட்டிருந்தால் தனக்குத் தெரிந்திருக்காது என்பது அப்போது அவளுக்கு உறைத்தது, அந்த முன்பின் தெரியாத அம்மாவை அவள் எவ்வளவு முழுசாக நம்பியிருந்தாள் என்பதும். பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அது பொய். பன்னிரண்டு விரலும் அப்படியே போனில் இருந்தன. அழித்துவிடு, இரண்டு விரலைப் பக்கவாட்டில் இழுத்தால் ஒவ்வொரு சொல்லாகப் போய்விடும், ஒன்பது இழுப்பில் ஒன்றும் இருக்காது, மத்தியானம் ரயிலும் போய்விடும். இரண்டு விரலை மேலே இழுத்தால் அனுப்பும். மேலே, பக்கவாட்டில். பக்கவாட்டில், மேலே. அவன் அசிங்கப்பட்டிருப்பேன் என்று எழுதியிருந்தானே, அசிங்கத்துக்கு என்ன விரல்கள் என்று பழக்கதோஷத்தில் யோசித்தாள், அ ஒன்று, ங் தெரியவில்லை, பெபியோலா ங் சொல்லிக்கொடுத்த அன்று இவள் கையைக் கொடுக்கவில்லை. பழைய பேட்டை வளைவில் ஒரு ஆடு குறுக்கே வர டிரைவர் பிரேக்கை மிதித்தார், நின்றிருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள், எக்ஸ்ரே கவர் தரையில் விழுந்தது, யாரோ டிரைவரை அவருடைய மாமியாரோடு சேர்த்துத் திட்டினார்கள், காதில் அந்தப் பெண் குரல், எந்த உணர்ச்சியும் இல்லாமல், அனுப்பப்பட்டது என்றது.

போனைத் திருப்பிப் பார்த்தாள். போயிருந்தது. இரண்டு டிக். நீலமானது. ஜெபசிங் எழுதிக்கொண்டிருக்கிறான் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. அவன் ஆறு விரலும் இப்போது எப்படி நிற்கும் என்று அவளால் தன் விரலிலேயே உணர முடிந்தது, அந்த ஒன்றுக்காகத்தான் இத்தனை நாளும் படித்தாள் போலிருக்கிறது, உணர்ந்தும் அவன் என்ன எழுதுகிறான் என்பது தெரியவில்லை. பேட்டை போனது, டவுன் ஆர்ச் போனது. அந்த அம்மா கவரைத் தட்டித் துடைத்துவிட்டு, பெரியாஸ்பத்திரிக்கு ஜங்ஷனில் இறங்கணுமா, அடுத்த பஸ் பிடிக்கணுமா என்று பக்கத்துப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பதில் வந்தது. அவ இன்னும் இங்கதான் இருக்கா. இப்பவே சொல்லிருதேன். நீ மெதுவா வா. கோபம் இல்லை, ஏன் பொய் சொன்னாய் என்ற கேள்வி இல்லை. மெதுவா வா. நாலு வருடமாகச் சனிக்கிழமை என்றால், எங்க வந்துட்ட, எங்க வந்துட்ட என்று பத்துத் தடவை கேட்கிறவன். அவள் அந்தக் கடைசி மூன்று சொல்லை ஜங்ஷன் வரைக்கும் வாசித்தாள், இறங்கின பிறகும் நிழலில் நின்று வாசித்தாள், சொன்னபடி மெதுவாகத்தான் போனாள். பிரேக் போட்டான், கை பட்டுப் போயிருச்சு, இல்லன்னா நான் அனுப்பியிருக்கவே மாட்டேன் என்று அன்று இரவு மாரிச்செல்வியிடம் சொன்னாள். ஜெபசிங், பெபியோலா கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்த பிறகும் அதையேதான் சொன்னாள்.

போன மாதம் நான் அதே ஆப்பைப் போனில் ஏற்றிக்கொண்டு, அதே நீளவாக்கு இருக்கையில் உட்கார்ந்து, ஆலங்குளத்திலிருந்து ஜங்ஷன் வரை போனேன். மாரிச்செல்வியிடம் மட்டும் சொல்லியிருந்தேன். வழியில் பதினொரு தடவை நல்ல பிரேக். அந்த இருக்கையில் பிரேக் ஆளைப் பக்கவாட்டில்தான் தள்ளுகிறது, விரலும் பக்கவாட்டில்தான் வழுக்குகிறது. நாலு தடவை கடைசிச் சொல் அழிந்தது, ஏழு தடவை ஒன்றும் ஆகவில்லை. ஒரு தடவைகூடச் செய்தி போகவில்லை.